மூன்றாக வெட்டிய தாள்: மான்ட்கோமரியில் பஸ் ஏறாத 381 நாட்கள்

ரோசா பார்க்ஸ் என்றதும் நமக்குச் சொல்லித்தரப்படுகிற கதை அநேகமாக ஒன்றுதான். பகலெல்லாம் தைத்துக் களைத்த ஒரு பெண்மணி, கால் வலி, எழுந்திரு என்றபோது எழ மறுத்தார், கைதானார், ஊர் கொதித்தது, மார்ட்டின் லூதர் கிங் தலைமையேற்றார். பாடப்புத்தகத்துக்கு இது போதும். ஆனால் கொதிப்பு ஒரு வாரம் தாங்கும், அதிகம் போனால் இரண்டு. 1955 டிசம்பர் 5 முதல் 1956 டிசம்பர் 20 வரை ஓர் ஊரின் கறுப்பின மக்கள் ஏறக்குறைய அத்தனை பேரும் பஸ்ஸைத் தொடாமல் வேலைக்கும் கடைக்கும் போய்வந்தார்கள் என்றால், பின்னால் கணக்குப் போடத் தெரிந்த ஆட்கள் இருந்திருக்க வேண்டும். இருந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். மேடைப் புகைப்படங்களில் தேடினால் கிடைக்கமாட்டார்கள். காகிதக் கட்டுகளுக்கும் பெட்ரோல் பில்லுக்கும் பக்கத்தில் தேட வேண்டும்.

முதலில் அந்த பஸ்ஸுக்குள் ஏறிப் பார்ப்போம். அலபாமா மாநிலத் தலைநகர் மான்ட்கோமரியின் நகரப் பேருந்தில் 36 இருக்கைகள். முன்னால் 10 வெள்ளையருக்கு. வண்டியில் ஒரு வெள்ளையர்கூட இல்லாவிட்டாலும் அந்தப் பத்தும் காலியாகவே கிடக்கும். கறுப்பினத்தவர் அவற்றை ஒட்டி நின்றுகொண்டே வர வேண்டும். பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு. தகராறு நடுவில் இருந்த 16-ல்தான். அது யாருக்கு என்று டிரைவர் அவ்வப்போது முடிவு செய்வார். அதற்காகவே அவருக்குப் போலீஸ்காரரின் அதிகாரத்தை நகரச் சட்டம் கொடுத்திருந்தது. பல டிரைவர்கள் முன்வாசலில் 10 சென்ட் கட்டணத்தை வாங்கிக்கொண்டு, இறங்கிப் பின்வாசல் வழியாக ஏறச் சொல்வார்கள். காசு கொடுத்தவர் பின்வாசலுக்கு நடந்து போவதற்குள் வண்டி கிளம்பிவிடுவதும் உண்டு.

இன்னொரு விதியும் இருந்தது: ஒரே வரிசையில் இரண்டு இனத்தவரும் உட்காரக்கூடாது. நடைவழிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர் என்று வரிசைக்கு நால்வர். ஆக, ஒரே ஒரு வெள்ளையர் உட்கார நான்கு கறுப்பினத்தவர் எழ வேண்டும். 1955 டிசம்பர் 1 அன்று கிளீவ்லண்ட் அவென்யூ பஸ்ஸில் நடந்தது இதுதான். பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது வெள்ளையர் பகுதியில் இல்லை. அதற்கு அடுத்த வரிசையில். நின்றிருந்த வெள்ளையர் ஒருவர். டிரைவர் ஜேம்ஸ் பிளேக் நான்கு பேரையும் எழச் சொன்னார். மூவர் எழுந்தார்கள். பார்க்ஸ், பக்கத்திலிருந்தவர் எழுந்து வெளியே போக வழிவிட்டு, காலியான ஜன்னலோர இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். 1943-லேயே இதே பிளேக் அவரைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருக்கிறார்.

கால் வலிக் கதையை பார்க்ஸே பிற்காலத்தில் மறுத்திருக்கிறார். அப்போது அவருக்கு 42 வயது. 12 ஆண்டுகளாக கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். 1944-ல் ஆபிவில் என்ற ஊரில் ரீசி டெய்லர் என்ற பெண் வெள்ளை இளைஞர்களால் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானபோது விசாரித்து எழுதிவரச் சங்கம் அனுப்பியது இவரைத்தான். வாக்காளராகப் பதிவு செய்ய மூன்று முறை முயன்று 1945-ல் வென்றவர். அந்த மாநிலத்தில் வாக்களிக்க ஆண்டுக்கு 1.50 டாலர் தலைவரி. அதையும் 21 வயதிலிருந்து விட்டுப்போன வருடங்களுக்கெல்லாம் சேர்த்துக் கட்ட வேண்டும். 11 வருடப் பாக்கி 16.50 டாலரை எண்ணி வைத்த பிறகுதான் அவருக்கு வாக்கு. அமெரிக்கப் பெண்களுக்கு 1920-ல் வாக்குரிமை வந்தது என்று ஒரே வரியில் படிக்கிறோமே, அலபாமாவின் கறுப்பினப் பெண்ணுக்கு அதன் பொருள் இவ்வளவுதான்.

வாக்குரிமை பெற்ற வெள்ளைப் பெண்களின் சங்கமும் கறுப்பினப் பெண்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. ‘பெண் வாக்காளர் கழகம்’ மான்ட்கோமரியில் இருந்தது. கறுப்பினப் பெண்களுக்கு அதில் இடமில்லை. அப்படியானால் நாமே தொடங்குவோம் என்று 1946-ல் ‘பெண்கள் அரசியல் மன்ற’த்தைத் தொடங்கினார் மேரி ஃபேர் பர்க்ஸ், அலபாமா மாநிலக் கல்லூரியின் ஆங்கிலத் துறைத் தலைவர். 1949-ல் அதே துறைக்கு வந்து சேர்ந்தவர் ஜோ ஆன் ராபின்சன். அந்த டிசம்பரில், அநேகமாகக் காலியாகக் கிடந்த பஸ்ஸில் முன்பகுதியில் உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கத்திய கத்தலில் அடிதான் விழப்போகிறது என்று பயந்து, அழுதுகொண்டே இறங்கி ஓடினார். மறுவருடம் மன்றத்தின் தலைவரானார். அன்றிலிருந்து அவருக்கு பஸ்தான் வேலை.

1954 மே 21 அன்று அவர் மேயர் கெயிலுக்கு எழுதிய கடிதத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி நான்கே நாள் ஆகியிருந்தது. கேட்டது மூன்று: கறுப்பினத்தவர் பின்னாலிருந்து முன்னோக்கியும் வெள்ளையர் முன்னாலிருந்து பின்னோக்கியும் இடம் நிரம்பும்வரை உட்காரட்டும், முன்னால் காசு வாங்கிப் பின்னால் ஏறச் சொல்லும் வழக்கம் வேண்டாம், வெள்ளையர் குடியிருப்பில் ஒவ்வொரு முனையிலும் நிற்கிற பஸ் எங்கள் பகுதியிலும் நிற்கட்டும். பிறகு, மிகப் பணிவாக, ஒரு கணக்கு: பயணிகளில் நான்கில் மூன்று பங்கு எங்கள் மக்கள், அவர்கள் ஏறாவிட்டால் பஸ்கள் ஓட முடியாது, ஏற வேண்டாம் என்று இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அமைப்புகள் பேசிக்கொண்டிருக்கின்றன. பார்க்ஸ் கைதாவதற்கு 18 மாதம் முன்பே புறக்கணிப்பு எழுத்தில் வந்துவிட்டது. குறைவாக இருந்தது ஒரு வழக்கு.

அந்த வழக்கு 1955 மார்ச் 2 அன்று கிடைத்த மாதிரி இருந்தது. 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வின் எழ மறுத்து, போலீஸ் அவரை இழுத்து இறக்கி, கைவிலங்கு மாட்டியது. மூன்று குற்றச்சாட்டுகள்: இனப்பிரிவினைச் சட்டத்தை மீறியது, அமைதியைக் குலைத்தது, போலீஸ்காரரைத் தாக்கியது. மேல்முறையீட்டில் நீதிபதி யூஜீன் கார்ட்டர் செய்த காரியம் சாமர்த்தியமானது. முதல் இரண்டையும் தள்ளுபடி செய்துவிட்டு, தாக்குதல் குற்றத்தை மட்டும் உறுதி செய்தார். கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் பிரிவினைச் சட்டத்தின்கீழ் தண்டனையே இல்லை என்றால் அந்தச் சட்டம் செல்லாது என்று மேலே போய் எப்படி வாதாடுவது? கையில் மிஞ்சியது ஒரு சிறுமி போலீஸை அடித்தாள் என்ற தீர்ப்பு. சிறுமி, ஏழைக் குடும்பம், பிறகு கர்ப்பம் என்று பெரியவர்கள் தயங்கியதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றில் சில பெருமைப்படத்தக்கவை அல்ல. அக்டோபரில் மேரி லூயிஸ் ஸ்மித் என்ற 18 வயதுப் பெண் கைதானார். அவருடைய தந்தை அபராதத்தைக் கட்டிவிட்டதால் அதுவும் அங்கேயே நின்றது.

டிசம்பர் 1 வியாழக்கிழமை. பார்க்ஸை ஜாமீனில் எடுத்தவர்கள் தேசியச் சங்கத்தின் பிரமுகர் ஈ. டி. நிக்சனும், வெள்ளைத் தம்பதியான கிளிஃபர்ட், வர்ஜீனியா டர்ரும். வழக்கை எடுத்தவர் இளம் வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே. செய்தி ராபின்சனுக்கு எட்டியபோது இரவு வெகுநேரம் ஆகியிருந்தது. விசாரணை திங்கட்கிழமை, அந்த ஒரு நாள் யாரும் பஸ் ஏறக்கூடாது. சொல்லிச் சேர்க்க இருந்தது மூன்று நாள்.

நள்ளிரவில் கல்லூரிக்குப் போனார். கூட வந்தவர்கள் வணிகவியல் துறையின் ஜான் கேனனும், நம்பிக்கையான இரண்டு மாணவர்களும். அங்கே இருந்தது நம்மூரில் சைக்ளோஸ்டைல் என்று சொல்வோமே, அந்த இயந்திரம். மெழுகு பூசிய மெல்லிய தாளை ரிப்பனை விலக்கிவிட்டுத் தட்டச்சில் அடித்தால் எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகும். அதை உருளையில் சுற்றி மையோடு சுழற்றினால் பிரதி வரும். ஒரு ஸ்டென்சில் சில ஆயிரம் சுற்றுக்குமேல் தாங்காது. வட்டமான எழுத்துகளின் நடுப்பகுதி பெயர்ந்து மைத்திட்டாகிவிடும். ராபின்சன் செய்தியைச் சுருக்கி, ஒரே தாளில் மூன்று முறை வருமாறு அடித்தார். ஓட்டிய பிறகு தாளை மூன்றாக வெட்டினால் போதும். அச்சானவை 35,000-க்கும் மேல் என்பார்கள். 35,000 என்றே வைத்தாலும் சுற்ற வேண்டியது ஏறக்குறைய 12,000 முறைதான். ஒரே இரவில் ஒரே இயந்திரத்தில் இது முடிந்ததற்கு அந்தச் சிக்கனம் காரணம்.

நோட்டீஸில் அலங்காரம் இல்லை. இன்னொரு பெண் கைதாகியிருக்கிறாள், கோல்வின் வழக்குக்குப் பிறகு இது இரண்டாவது முறை, இப்போது தடுக்காவிட்டால் அடுத்தது நீங்களாக இருக்கலாம், உங்கள் மகளாக, தாயாக இருக்கலாம்; திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள். பார்க்ஸின் பெயர்கூட அதில் இல்லை.

காலை 4 மணிக்கு வெட்டிக் கட்டி முடித்தாயிற்று. 4-லிருந்து 7 வரை எந்தத் தெருவில் எந்தப் பள்ளி, எந்த அழகு நிலையம், எந்தத் தொழிற்சாலை, எவர் வாசலில் நின்று வாங்கிக்கொள்வார் என்று பாதை போட்டார்கள். இதெல்லாம் மன்றத்துப் பெண்கள் மாதக்கணக்காக மனதில் வைத்திருந்த திட்டம். 8 மணிக்கு ராபின்சன் வகுப்பெடுத்தார். பிறகு காரில் கட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரியின் இயந்திரத்தில், அரசின் சட்டத்துக்கு எதிராக நோட்டீஸ் அடித்திருக்கிறார். விஷயம் வெளிவந்தால் வேலை மட்டுமல்ல, கல்லூரியின் நிதியே போகும். கல்லூரி முதல்வர் டிரென்ஹோம் அன்றே கூப்பிட்டு விசாரித்தார். தாளுக்கான பணத்தை மன்றமே கட்டிவிடும் என்று சொல்லி ராபின்சன் சமாளித்தார்.

ஒரு வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை உள்ளூர்ப் பத்திரிகை இதை முதல் பக்கத்தில் செய்தியாகப் போட, நோட்டீஸ் கிடைக்காதவர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. ஏற நினைப்பவர்களைக் கறுப்பின ரவுடிக் கும்பல் மிரட்டும், போலீஸ் பாதுகாப்புத் தரும் என்று போலீஸ் கமிஷனர் அறிவித்தார். திங்கட்கிழமை பஸ்களுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போலீஸ் வந்ததைப் பார்த்து, ஏறலாமா என்று தயங்கி நின்ற சிலரும் பயந்து விலகிப்போனார்கள்.

அன்று காலை பார்க்ஸுக்கு 10 டாலர் அபராதமும் 4 டாலர் நீதிமன்றச் செலவும். மாலையில் புறக்கணிப்பை நடத்த மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கம் உருவாகி, 26 வயது கிங் தலைவரானார். தங்கள் பெயர் வெளியே தெரியாமல் நடத்தலாமா என்று பாதிரியார்கள் யோசித்தபோது நிக்சன் வெடித்தார்: துணி துவைக்கும் இந்தப் பெண்களின் காசில் காலமெல்லாம் வாழ்ந்தீர்கள், அவர்களுக்காக எதையும் செய்ததில்லை, ஏப்ரனைக் கழற்றும் நேரம் வந்துவிட்டது என்று. சரியான கோபம்தான். ஆனால் அதே இரவு ஹோல்ட் தெரு தேவாலயத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடியபோது, நான் ஏதாவது பேச வேண்டுமா என்று பார்க்ஸ் கேட்டார். நீங்கள் பேசவேண்டியதைப் பேசியாகிவிட்டது என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

ஒரு நாள் புறக்கணிப்பு, தொடரும் புறக்கணிப்பானது. கறுப்பினத்தவர் நடத்திய டாக்ஸிகள் முதலில் பஸ் கட்டணமான 10 சென்டுக்கே ஆளேற்றின. குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய நகர விதியை அதிகாரிகள் தூசிதட்டி எடுத்ததும் அது நின்றது. லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் 1953-ல் இப்படியொரு புறக்கணிப்பை நடத்தியிருந்த பாதிரியார் ஜெமிசனை கிங் தொலைபேசியில் பிடித்தார். அவர் சொன்ன வழி, சொந்தக் கார்களை வரிசைப்படுத்துவது. டிசம்பர் 13 அன்று அது தொடங்கியது. காலையில் ஆளேற்றும் நிலையங்கள் 48, மாலையில் திரும்ப ஏற்றும் நிலையங்கள் 42. கார்கள் சுமார் 300. பாதைகளை வரைய உதவியவர்கள் ஊரின் சந்துபொந்தெல்லாம் தெரிந்த தபால் ஊழியர்கள். பயணிகளில் பெரும்பாலானோர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்கள் என்பதால் காலையில் கறுப்பினப் பகுதியிலிருந்து வெள்ளையர் பகுதிக்கு, மாலையில் மறுதிசையில் என்று ஓட்டம் ஒரே போக்காக இருந்தது. அதனால்தான் காலைக்கும் மாலைக்கும் வெவ்வேறு நிலையங்கள்.

இதில் முக்கியமான நுணுக்கம் காசு. ஏறியவர் டிரைவர் கையில் காசு கொடுத்தால் அது உரிமமில்லாத வாடகை வண்டி. ஆகவே காரில் காசில்லை. வாரம் இரண்டு முறை நடந்த கூட்டத்தில் காணிக்கைத் தட்டில் போட வேண்டும், சங்கம் பெட்ரோலுக்குக் கொடுக்கும். வெளியூர் நன்கொடைகளில் வாங்கிய ஸ்டேஷன் வேகன்களைத் தேவாலயங்களின் பெயரிலேயே பதிவு செய்தார்கள். மாதச் செலவு 5,000 டாலர் வரை போனது.

அந்தப் பணத்தில் ஒரு பங்கு அடுப்பிலிருந்து வந்தது. ஜார்ஜியா கில்மோர் ஓர் உணவகத்தில் சமையல்காரர். தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கோழி சாண்ட்விச், கேக், பை எல்லாம் செய்து அழகு நிலையம், சலவைக்கடை, டாக்ஸி ஸ்டாண்ட் என்று விற்றார். கூட்டத்தில் பணத்தை ஒப்படைக்கும்போது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘எங்கிருந்தும் இல்லை’ என்பார். குழுவின் பெயரே அதுதான். நகைச்சுவை மட்டும் இல்லை இதில்: எந்தச் சமையல்காரியின் பெயரும் கணக்கில் ஏறவில்லை என்றால் யாரையும் வேலையைவிட்டு நீக்க முடியாது, ரகசியமாகக் காசு கொடுத்த வெள்ளையர் பெயரும் வெளியே வராது. கில்மோர் மட்டும் மாட்டினார். புறக்கணிப்புக்காக கிங்மேல் நடந்த வழக்கில் சாட்சி சொன்னதற்காக வேலை போனது. வீட்டிலேயே சமையல்கூடம் தொடங்கினார், கிங் உதவினார்.

வீட்டு வேலைக்காரிகளைக் காரில் கூட்டிவருவதை நிறுத்துங்கள் என்று மேயர் வெள்ளை இல்லத்தரசிகளைக் கேட்டுக்கொண்டார். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியானால் மேயரே வந்து துவைத்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ரீதியில் பதில் வந்ததாக வர்ஜீனியா டர் நினைவுகூர்ந்திருக்கிறார். கொள்கை அல்ல, பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டும் என்ற கவலை. எதுவானாலும் புறக்கணிப்புக்கு அது ஓசி வண்டி.

நகர நிர்வாகம் கையில் கிடைத்த எல்லாவற்றையும் வீசிப்பார்த்தது. ராபின்சனுக்கு மட்டும் 17 போக்குவரத்து அபராதச் சீட்டுகள். அவர் வீட்டு ஜன்னலில் கல், காரில் அமிலம். உலோகத்தில் ஓட்டை ஓட்டையாக விழுந்தது. அந்தக் காரையே தொடர்ந்து ஓட்டினார். கிங், நிக்சன் வீடுகளில் குண்டு. 1921-ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தில் 89 பேர்மேல் குற்றச்சாட்டு. ஒளியாமல், நல்ல உடை உடுத்தி அவர்களாகவே போய்க் கைதானார்கள். பார்க்ஸ் கைரேகை வைக்கும் புகழ்பெற்ற படம் இருக்கிறதே, அது 1956 பிப்ரவரியில் இந்தக் கைதின்போது எடுத்தது. இணையத்தில் பாதிப்பேர் டிசம்பர் 1 என்று போடுகிறார்கள். வேகன்களுக்கான இன்ஷூரன்ஸைக் கம்பெனிகள் திரும்பத் திரும்ப ரத்து செய்ததும், கடைசியில் அட்லாண்டாவின் கறுப்பின முகவர் டி. எம். அலெக்சாண்டர் லண்டனின் லாயிட்ஸில் காப்பீடு வாங்கிக் கொடுத்தார்.

பஸ் கம்பெனிக்குக் கொள்கை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கட்டணத்தை 15 சென்டாக ஏற்றியும் நஷ்டம். ஏப்ரல் 1956-ல் இனி பிரிக்க மாட்டோம் என்று அறிவித்தது. நகரம் நீதிமன்றத்துக்குப் போய்த் தடையாணை வாங்கி அதைத் தடுத்தது. பணத்தால் கம்பெனியை மண்டியிட வைக்கலாம், சட்டத்தை அல்ல. புறக்கணிப்பின் எல்லை இது. சட்டத்தை உடைக்க வேறு வழி வேண்டியிருந்தது.

பார்க்ஸின் வழக்கு அதற்கு உதவாது என்று கிரே புரிந்துகொண்டார். அது குற்ற வழக்கு. மாநில நீதிமன்றங்களில் வருடக்கணக்கில் இழுத்தடிக்கலாம். மாநிலச் சட்டமே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று கூட்டரசு நீதிமன்றத்தில் உரிமையியல் வழக்குப் போட்டால் மூன்று நீதிபதிகள் கேட்பார்கள், அங்கிருந்து நேராக உச்ச நீதிமன்றம். 1956 பிப்ரவரி 1 அன்று தாக்கலானது ‘பிரவுடர் எதிர் கெயில்’. நிலைத்து நின்ற மனுதாரர்கள் நால்வரும் பெண்கள்: அரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், அப்புறம் கிளாடெட் கோல்வின். இன்னொரு பெண் நெருக்கடியில் விலகினார். அதைச் சாக்காக வைத்து, அனுமதியில்லாமல் அவர் பெயரில் வழக்குப் போட்டதாக கிரேமேலேயே குற்றம் சாட்டினார்கள். பார்க்ஸின் பெயரை வேண்டுமென்றே சேர்க்கவில்லை, அவருடைய மேல்முறையீட்டோடு குழம்பிவிடக்கூடாது என்று.

மே 11 விசாரணையில் நகரத்தின் வழக்கறிஞர், கிங்தான் உங்களைத் தூண்டிவிட்டார் என்று வரவழைக்கப் பார்த்தார். உங்கள் தலைவர் யார்? எங்கள் தலைவர் நாங்களேதான் என்றார் கோல்வின். ஜூன் 5 அன்று இரண்டுக்கு ஒன்று என்று தீர்ப்பு பெண்களுக்குச் சாதகம். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே நாளில் மான்ட்கோமரியில் கார் ஏற்பாட்டுக்குத் தடை விதித்தார் ஒரு நீதிபதி. பெயர் யூஜீன் கார்ட்டர். கோல்வினின் குற்றச்சாட்டுகளை வெட்டி ஒட்டியவரேதான். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு கைக்கு வந்த டிசம்பர் 20 வரை, கடைசி ஐந்து வாரம், ஊர் பெரும்பாலும் நடந்தே போனது.

பார்க்ஸ் ஜனவரியிலேயே தையல் வேலையை இழந்திருந்தார். 1957-ல் டெட்ராய்ட்டுக்குப் போனார். கல்லூரியில் நெருக்கடி முற்றி ராபின்சன் 1960-ல் ஊரைவிட்டுக் கிளம்பினார். நியூயார்க்கில் செவிலியர் உதவியாளராக வேலை பார்த்த கோல்வின், 15 வயதில் தன்மேல் போட்ட நன்னடத்தைக் கண்காணிப்பு முடிந்ததா இல்லையா என்று யாரும் சொல்லாமலே வயதானார். 2021-ல், 82 வயதில், மான்ட்கோமரி நீதிமன்றத்தில் மனுப் போட்டார். போலீஸ்காரரைத் தாக்கிய அந்தக் குற்றப் பதிவை அழிக்க நீதிபதி அப்போதுதான் உத்தரவிட்டார்.